உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யா, ஓராண்டு ப்ராஜெக்ட் வேலையா? உயிர்மருத்துவ ஆய்வில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

முக்கூடல்காரி | ஞாயிறு, இரவு 9.40

நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது. நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி வந்தது, ஆய்வு மாணவர்க்கு மாத உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப். மயிரிழையில் போய்விட்டது. இப்போது கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் உள்ள கல்லூரியில் முழுநேர பிஎச்.டி. உதவித்தொகை கிடையாது. கைடு தங்கமான மனிதர். தலைப்பைக்கூடச் சொல்லிவிட்டார்: மூலிகை இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்) தயாரித்து, அது பாக்டீரியாவையும் புற்றுநோய்ச் செல்லையும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்.

இன்னொன்று, திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் வேலை. ஓராண்டு ஒப்பந்தம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் பட்டம் எதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். நேற்று மடியில் தட்டை வைத்து இலை வெட்டிக்கொண்டே, "அந்த டாக்டர் பட்டம் வாங்கினால் என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, என்ன வேலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்தத் துறைக்கு ஓர் ஆளைத் தயார் செய்வது என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்? எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

தேரிக்காடு | ஞாயிறு, இரவு 10.05

வெள்ளி நானோ துகளா! வேப்பிலை, துளசி, தும்பை, குப்பைமேனி, ஆடாதொடை எல்லாம் ஏற்கெனவே வெள்ளியாகிவிட்டன. வாழையிலையாவது சாப்பிட மிச்சமிருக்கும் என்று நினைத்தேன், அதையும் விடவில்லை. பேசாமல் குரூப் 2 எழுது, தாயே.

பாளை வாத்தியார் | திங்கள், காலை 6.15

தேரிக்காடு தம்பி, கிண்டல் செய்ய எல்லோருக்கும் வரும். நான் கல்லூரி ஆசிரியன். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் விடைத்தாள், சேர்க்கை வேலை, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் மூன்று மாதம் கோப்புகளோடு குடித்தனம். இதற்கு நடுவில்தான் ஆய்வு. வெள்ளி நைட்ரேட் ஒரு புட்டி வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும், இலை காசில்லாமல் கிடைக்கும், கரைசல் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிதி இல்லாத இடத்தில் இந்தத் தலைப்பு முளைப்பதற்குச் சோம்பல் காரணம் அல்ல. அடுப்பில் இருப்பதைக்கொண்டுதானே சமைக்க முடியும்?

முக்கூடல் தங்கச்சிக்கு, முதலில் விதியைத் தெரிந்துகொள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் படித்துத் தேற வேண்டும். ஆய்வு நெறிமுறைப் பாடமும் அதில் கட்டாயம். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்க முடியாது. உன் கைடிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், அவருடைய ஓய்வு எப்போது என்று கூச்சப்படாமல் கேள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிறவரிடம் ஐந்து ஆண்டு இருப்பது கடினம்.

அடுத்து, ஷோத்கங்கா தளத்தில் அவருடைய பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் இருக்கும். முன்னுரையைத் தள்ளிவிட்டு நேராக "பொருள்களும் முறைகளும்" அத்தியாயத்துக்குப் போ. எந்தச் சோதனை எங்கே செய்யப்பட்டது என்று பார்.

கூரியர் முனைவர் | திங்கள், காலை 11.30

வாத்தியார் சார் கடைசி வரியில் மெல்லச் சொன்னதை நான் உரக்கச் சொல்கிறேன். என் புனைபெயரே அதற்காகத்தான்.

எனக்கும் கிட்டத்தட்ட இதே தலைப்பு. கல்லூரி எது என்று சொல்ல மாட்டேன். பாக்டீரியா வேலையை நானே செய்தேன். புற்றுநோய்ச் செல் வேலைக்கு எங்களிடம் செல் கல்ச்சர் அறையே, அதாவது செல் வளர்க்கும் அறையே, கிடையாது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சின்னப் புட்டியில் மாதிரியை அடைத்து, பஞ்சு சுற்றி, வண்ணார்பேட்டையில் ஒரு கூரியர் கடையில் கொடுத்து, வெளியூரில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பணம் கட்டிய பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்லின் படங்கள் ஆறு, எவ்வளவு செல் உயிரோடு மிஞ்சியது என்று காட்டும் எம்.டி.டி. சோதனையின் அட்டவணை ஒன்று, வரைபடம் ஒன்று. அதை அப்படியே ஐந்தாம் அத்தியாயமாக வைத்தேன். வாய்மொழித் தேர்வான வைவாவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாலை போட்டார்கள், பிரியாணி போட்டேன்.

பிறகு பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். ஒரு பெண், என்னைவிட வயதில் சிறியவர், சிரித்த முகத்தோடு கேட்டார்: "செல் தட்டில் எவ்வளவு நிறைந்ததும் பிரித்து மாற்றுவீர்கள்? ஹீலாவை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள்?" எனக்கு வாயே திறக்கவில்லை. ஹீலா ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தச் செல்லை என் ஆயுளில் நுண்ணோக்கி வழியாகக்கூடப் பார்த்ததில்லை. பெயருக்கு முன்னால் "முனைவர்" இருந்தது. அந்த அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார். கேள்வி கேட்டிருந்தாலே தேவலை.

ஆகவே தங்கச்சி, கைடிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இந்தத் தலைப்பில் உள்ள சோதனைகளை யார் கையால் செய்வது?

தேரிக்காடு | திங்கள், பகல் 12.10

கூரியர் அண்ணாச்சி, நான் கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்?

கூரியர் முனைவர் | திங்கள், பகல் 12.45

மருந்துப் பாதுகாப்புப் பிரிவில். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வந்த பக்கவிளைவு அறிக்கைகளைப் படித்து, ஒழுங்குபடுத்தி, காலக்கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். மோசமில்லை. ஆனால் இதற்குப் பிஎச்.டி. தேவையே இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பி.ஃபார்ம். முடித்துவிட்டு வந்தவர். எனக்கு மேலதிகாரியும் அவர்தான்.

பொதிகைச் சித்தன் | திங்கள், இரவு 8.20

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் இலைகளின் சார்பாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

தப்பு இலையில் இல்லை. நம் கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் நிலாவரைக்கு உலக மருந்து நூல்களில் "திருநெல்வேலி சென்னா" என்று பெயர். மலச்சிக்கலுக்கு இன்றும் மருந்துக்கடையில் விற்கும் மாத்திரையில் இருப்பது அதன் சென்னோசைடுதான். சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டு வாசலில் வைக்கத் தயங்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் வந்தன.

அது எப்படி வந்தது என்பதுதான் இந்த இழைக்குப் பொருத்தம். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற இருவரின் ஆய்வகத்துக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலை வந்தது. அங்கே அதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடிப்பார்களாம். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள், எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் செத்தன என்று தோண்டியபோது வெள்ளை அணுக்கள் சரிந்திருப்பது தெரிந்தது. வெள்ளை அணுவைக் குறைக்கிற பொருள் ரத்தப் புற்றுக்கு உதவுமே என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

அந்த எலிகளைக் கூரியரில் வேறெங்காவது அனுப்பியிருந்தால் என்ன அறிக்கை வந்திருக்கும்? "ரத்தச் சர்க்கரையில் மாற்றம் இல்லை." அத்தோடு கதை முடிந்திருக்கும். நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே அறிக்கை பதில் சொல்லும். கேட்காததையும் காட்டுவது செத்த எலிதான், அதுவும் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைமூலிகையில் கைவைப்பதென்றால், அது யாருடைய அறிவு என்பதையும் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் 1987-ல் காணி மக்கள் சோர்வு தெரியாமலிருக்க மென்ற காயைத்தான் ஆய்வாளர்கள் ஆரோக்கியப்பச்சை என்று எடுத்து, பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்தில் ஆராய்ந்து, "ஜீவனி" என்ற மருந்தாக்கினார்கள். வந்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அந்தப் பங்கீடு சரியாக நடந்ததா என்ற சண்டை தனி இழைக்கு உரியது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 7.05

சித்தர் ஐயா சொன்னதோடு என் புலம்பலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிரியல் மாணவர்களின் தரவுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பக்கத் தொழில். ஆய்வேட்டை எழுதி முடித்து, அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் வருவார்கள். "சார், பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள், முடிவு தற்செயலா என்று பார்க்க உதவும் அந்த எண்ணை. செத்த பிறகு வைத்தியம் பார்க்கச் சொன்னால் எப்படி?

நான் பார்த்ததில் அடிக்கடி வரும் பிழை ஒன்று. ஒரே குடுவையில் வளர்த்த செல்லை மூன்று குழிகளில் ஊற்றி அளந்துவிட்டு, "மூன்று முறை செய்தேன்" என்று எழுதுவார்கள். ஒரு பானைச் சோற்றில் மூன்று கரண்டி அள்ளினால் மூன்று முறை சமைத்ததாகுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சோறு பதம் சொல்வது அந்தப் பானைக்கு மட்டும். நாளைக்கு வேறு அரிசி, வேறு தண்ணீர், வேறு விறகில் வைத்த உலைக்கு அது சாட்சி சொல்லாது. வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த செல்லில், புதிதாகக் கலக்கிய மருந்தில் மூன்று முறை செய்தால்தான் மூன்று.

பாக்டீரியா வேலையிலும் ஒன்று பார்த்திருக்கிறேன். வட்டத் தாளை மருந்தில் நனைத்துத் தட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையத்தை அளப்பார்கள் அல்லவா? அந்தத் தாளின் விட்டமே 6 மில்லிமீட்டர். "7 மில்லிமீட்டர் தடுப்பு வளையம் கிடைத்தது, குறிப்பிடத்தக்க ஆற்றல்" என்று எழுதியிருந்தார் ஒருவர். தாளைக் கழித்தால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்! அளவுகோலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியே அதைவிடப் பெரிது.

முதல் வகுப்பிலேயே, சோதனையைத் தொடங்கும் முன்பே புள்ளியியல் ஆளோடு உட்கார வைக்கும் இடம் எதுவோ அது நல்ல இடம்.

வண்ணார்பேட்டை | செவ்வாய், இரவு 9.15

ஆய்வகங்களில் பதினான்கு ஆண்டாகக் கைவேலை செய்கிறவன் நான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரப் பழக்கம் நான்தான் கொடுப்பேன். முதல் நாள் ஜீனும் கிடையாது, செல்லும் கிடையாது. துளியளவு திரவத்தை அளந்து உறிஞ்சும் ஒரு மைக்ரோபைப்பட், ஒரு குவளை காய்ச்சி வடித்த தண்ணீர், நான்கு தசமம் காட்டும் தராசு.

100 மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விடு, எடையை எழுது. பத்து முறை. நம் ஊர் அறையின் 30 டிகிரி வெப்பத்தில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 99.6 மில்லிகிராம் இருக்க வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது. ஒன்று 94, ஒன்று 102 என்று குதிக்கும். கட்டைவிரலைச் சட்டென்று விட்டால் முனைக்குள் காற்றுக்குமிழி ஏறும். சாய்த்துப் பிடித்து உறிஞ்சினால் அதிகம் வரும். ஆழமாக முக்கினால் வெளிப்பக்கத்தில் ஒட்டிய துளியும் கூடவே வரும். பத்து எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஆனால் எல்லாமே 96 என்று நின்றால் பைப்பட்டில் கோளாறு. எண்கள் சிதறினால் கையில் கோளாறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஐந்தாவது ஆண்டில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நோட்டு. பக்க எண் போட்ட தைத்த நோட்டு, மை பேனா. அடித்தால் ஒரே கோடு, அடியில் உள்ளது படிக்கும்படி. தாளைக் கிழிக்கக் கூடாது. ஒருமுறை தசரா விடுமுறையில் மின்சாரம் போய், மைனஸ் 80 டிகிரி பெட்டி நின்றுவிட்டது. திங்கட்கிழமை திறந்தால் கீழ்த்தட்டில் தண்ணீர். இரண்டு ஆண்டு மாதிரிகள். அந்தப் பெண் அழுதுகொண்டே அன்றைய தேதி போட்டு எழுதினாள்: எந்தப் பெட்டி, எத்தனை மணிக்குத் திறந்தது, எந்தக் குழாய்கள் உருகியிருந்தன என்று. அந்தப் பக்கம் இருந்ததால்தான் எந்த மாதிரியை நம்பலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று பிறகு பிரிக்க முடிந்தது. அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

முக்கூடல் தங்கச்சி, திருவனந்தபுரம் போவதாக இருந்தால் அது ஆய்வுக்கு நல்ல ஊர். அங்கே உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதற்கு முந்தின வடிவங்கள் ஒவ்வொன்றாகச் சோதனையில் தோற்றுப்போனவை. தோற்றதை மறைக்காமல் மேசைமேல் வைத்துப் பேசுகிற இடமா என்று பார். நீ போகும் ஆய்வகத்தில் வாராந்திரக் கூட்டம் உண்டா, அதில் ப்ராஜெக்ட் ஆட்களையும் பேச விடுகிறார்களா என்று கேள். பாத்திரம் கழுவவும் பொருள் வாங்கவும் மட்டுமே ஆள் எடுக்கும் இடங்களும் உண்டு.

பாஸ்டனில் ஒரு நெல்லைக்காரன் | புதன், காலை 5.50

அம்மாவின் "என்ன வேலை?" என்ற கேள்வியை அமெரிக்காவே ரொம்ப நாள் கேட்டுக்கொள்ளவில்லை. பிஎச்.டி. என்றால் பேராசிரியர் ஆவதற்கு என்றுதான் இங்கும் பழக்கினார்கள். 2012-ல் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று கணக்கெடுத்தபோது, உயிர்மருத்துவத்தில் முனைவரானவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பேராசிரியர் பாதை கிடைக்கிறது என்று தெரிந்தது. மீதி மூன்று பேரும் தோற்றவர்களா? அடுத்த ஆண்டே, மாணவர்களுக்கு மற்ற வேலைகளையும் படிக்கும்போதே காட்டும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவரும் கைடும் உட்கார்ந்து, "இந்த ஆண்டு என்ன கற்றாய், அடுத்து எங்கே போக நினைக்கிறாய்" என்று எழுதி வைக்கும் பழக்கமும் பரவியது. பல இடங்களில் அது சடங்காகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். என் கைடு ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

ராதாபுரம் அக்கா | புதன், காலை 10.20

பாஸ்டன் தம்பி, நீங்கள் சொல்வது சரி, ஆனால் இந்தப் பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும். உதவித்தொகை இல்லாத முழுநேர பிஎச்.டி. என்றால் அம்மா இன்னும் எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

மகளே, ஜே.ஆர்.எஃப். இருந்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மயிரிழையில் போனது என்கிறாய். அப்படியானால் எட்டும் தூரம்தான். நெட் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. அது தவிர உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு. இரண்டுக்கும் பாடம் பெரும்பாலும் ஒன்றேதான். சொந்த உதவித்தொகையோடு போகிறவளுக்குக் கைடைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் போனால் கிடைத்த தலைப்பைத்தான் எடுக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு வரும்போது பயந்துவிடாதே. பெண்களுக்கு ஆறு ஆண்டுக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பும், மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் அதே 2022 விதியிலேயே இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் நான்காவது ஆண்டில் விட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐகிரவுண்ட் ரோடு | புதன், இரவு 7.40

ஆய்வக மேசையில் செய்யும் சோதனை மட்டும்தான் உயிர்மருத்துவ ஆய்வு என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நான் பாளையங்கோட்டையிலேயே மருந்துப் பரிசோதனைகளில் ஒருங்கிணைப்பாளர். எம்.எஸ்ஸி.தான்.

எங்கள் வேலை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில். பரிசோதனையை இந்திய மருந்துப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்த பிறகே முதல் ஆளைச் சேர்க்கலாம். 2009 முதல் அது கட்டாயம். நெறிமுறைக் குழு ஒப்புதல், மருந்து வைக்கும் பெட்டியின் வெப்பநிலைப் பதிவு, ஒவ்வொரு தாளிலும் தேதி. எல்லாவற்றிலும் கடினம் ஒப்புதல் படிவம். சென்ற மாதம் ஆலங்குளம் பக்கத்துப் பாட்டி ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்படிப்பட்டவருக்கு, எங்களோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்துக் காட்டிப் பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். படிவத்தில் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று இருந்தது. பாட்டி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். "திருவுளச்சீட்டுப் போடுகிற மாதிரி, பாட்டி. எந்த மாத்திரை வரும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றேன். "டாக்டருக்கே தெரியாதா? அப்புறம் நான் எதற்கு இங்கே வர வேண்டும்?" என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பரிசோதனையில் நான் ஒழுங்காகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயிற்சியை எந்த எம்.எஸ்ஸி. வகுப்பிலும் எனக்கு யாரும் கொடுக்கவில்லை. 2012-ல் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது ரத்தம் எடுக்கவும் வீடுவீடாகத் தகவல் கேட்கவும் ஆள் தேவைப்பட்டதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். காய்ச்சல்காரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரியான கேள்வி கேட்பதும் ஆய்வுதான்.

முக்கூடல்காரி | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

ஷோத்கங்காவில் கைடின் மாணவர்கள் மூன்று பேருடைய ஆய்வேடுகளைப் படித்தேன். மூன்றிலும் செல் வேலை வெளியே செய்ததாக ஒரு வரி இருந்தது. பயத்தோடு சாரிடம் போய், கூரியர் அண்ணாச்சி சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் என் கைடு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் தேர்வாளர் 'புதுமை போதாது' என்று எழுதுவாரோ என்று பயம்" என்றார். பிறகு, "திருவனந்தபுரம் போய்விட்டு வா. செல் கல்ச்சர் கற்றுக்கொண்டு வந்தால் எனக்கும் சொல்லிக்கொடு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி சேருகிறேன். அங்கே வாராந்திரக் கூட்டம் உண்டு, ப்ராஜெக்ட் ஆட்களும் பேச வேண்டுமாம். நெட், பெட் இரண்டுக்கும் மறுபடி எழுதப்போகிறேன். அம்மாவிடம், "ஓராண்டு சம்பளத்தோடு தொழில் பழகப் போகிறேன்" என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது. அவரும் பன்னிரண்டு வயதில் அப்படித்தான் பழகினாராம், முதல் மாதம் சுற்றிய பீடியில் பாதியைக் கடைக்காரர் கழித்துவிட்டாராம்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி, சாரிடம் சாவி வாங்கித் தராசு அறையில் மூன்று நாளாகத் தண்ணீர் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள்: 97.2, 94.1, 101.8, 96.0, 103.3. அதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்று: 97.9, 99.3, 99.1, 99.5, 99.2, 99.4, 99.0, 99.4, 99.3, 99.1. முதல் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் குறைகிறது. புது முனை மாட்டினால் மறுபடியும் முதல் எண் குறைகிறது. என் கையா, பைப்பட்டா?

வண்ணார்பேட்டை | சனி, இரவு 8.10

இரண்டும் இல்லை. காய்ந்த முனை. புது முனையில் உள்ளே இருக்கும் காற்று வறண்டிருக்கும், சுவரும் ஈரமில்லாமல் இருக்கும். முதல் தடவை எடுப்பதில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். மாட்டியதும் மூன்று முறை உறிஞ்சி வெளியே விட்டு நனைத்துக்கொள், பிறகு அளந்து எடு. யாரும் சொல்லாமல் இதைக் கவனித்தாயே, அதற்கே ஒரு காபி வாங்கித்தர வேண்டும்.

மீதி எண்களும் 99.6-ஐவிடக் கொஞ்சம் கீழே நிற்கின்றன. மின்விசிறி ஓடுகிறதா? தராசின் கண்ணாடிக் கதவு திறந்திருந்தால் நீ எழுதி முடிப்பதற்குள் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பார்.

முக்கூடல்காரி | திங்கள், மாலை 5.20

முனையை நனைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன். 99.5, 99.6, 99.4, 99.6, 99.5, 99.7, 99.5. எட்டாவதில் 112 வந்தது. என் நெற்றி வியர்வை தராசின் மேல் இருந்த குவளையில் விழுந்துவிட்டது. அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.